மனுநாளில் பெய்த மழை

ஒரு காட்டில் மழை பெய்யவில்லை. கதை இந்த வாக்கியத்தோடு முடிந்திருக்க வேண்டும். மழை பெய்யாத காட்டில் சொல்வதற்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் காட்டில், மழை பெய்யாததை அளப்பதற்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. ஆகவே தொடர வேண்டியதாகிறது.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு சிங்கம் வரும். இந்தக் காட்டிலும் சிங்கம் இருந்தது. அது ஓர் ஆணையில் கால்ரேகை வைத்துவிட்டு மலைக்கு அந்தப்புறம் ஓய்வெடுக்கப் போய்விட்டது. இந்தக் கதைக்கு ஆணை போதும், சிங்கம் தேவையில்லை.

ஆணை இதுதான். மலையுச்சியில் எக்காலமும் வற்றாத பெரிய சுனை ஒன்று உண்டு. அதன் வாயை ஒரு பாறைக் கதவு அடைத்திருக்கிறது. காட்டில் தொடர்ச்சியாக நாற்பது நாள் மழை இல்லையென்றால் அது வறட்சி. வறட்சி என்று பதிவேட்டில் ஏறிய அன்றே கதவைத் திறந்து, கீழே இருக்கும் உயிர்களுக்குத் தண்ணீர் விட வேண்டும். "தொடர்ச்சியாக" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. இடையில் ஒரே ஒரு நாள் மழை பெய்துவிட்டாலும் அதுவரை எண்ணியது செல்லாது. மறுபடி பூச்சியத்திலிருந்து எண்ண வேண்டும்.

எது மழை என்ற கேள்வி வரும். ஆணையை எழுதியவர்கள் அதையும் யோசித்திருந்தார்கள். மலைச்சரிவின் நடுவில் ஒரு மருதமரம். அதன் பொந்தில் அலுவலகம். அலுவலகத்துக்குப் பின்னால் மண்ணில் நட்ட ஒரு மூங்கில் குழாய், அதன் வாயில் புனல் மாதிரி கவிழ்க்காமல் வைத்த, அடியில் ஓட்டை போட்ட ஒரு கொட்டாங்கச்சி. இதற்கு மழைமானி என்று பெயர். தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளே ஒரு குச்சியை விட்டு எடுப்பார்கள். குச்சியில் கீறல்கள் இருக்கும். இரண்டரைக் கீறலுக்கு நனைந்திருந்தால் அது மழை நாள். அதற்குக் குறைந்தால், நீங்கள் தொப்பலாக நனைந்து நின்றாலும் அது மழையற்ற நாள். எண்ணிக்கையை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைப்பார்கள்.

குச்சி விடும் அதிகாரி ஓர் அழுங்கு. அதாவது உடம்பெல்லாம் செதில் போர்த்திய எறும்புத்தின்னி. பெயர் திருமேனி. கரையானைத் தின்பவர் என்பதால் கோப்புகளை அவரை நம்பி ஒப்படைத்திருந்தார்கள். அந்தத் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழுங்குகளுக்கு இரவில்தான் விழிப்பு, அலுவலக நேரமோ பகல் என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டால் பந்தாகச் சுருண்டுகொள்வார். அந்தப் பந்தைப் புலியாலேயே பிரிக்க முடிந்ததில்லை. மனுதாரர்கள் எம்மாத்திரம்.

அவருக்கு உதவியாள் சங்கிலி என்ற ஓணான். எதைச் சொன்னாலும் சங்கிலி தலையாட்டுவான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் அந்தக் காட்டில் பலர்.

சரிவின் அடியில், பள்ளத்தில், கோரைக் குட்டை இருந்தது. அதன் கரையில் காட்டுப்பன்றி மூக்காயி தன் ஏழு குட்டிகளோடு குடியிருந்தாள். அவளிடம் மூங்கிலும் இல்லை, குச்சியும் இல்லை. குட்டைக்குள் இறங்கி நிற்பாள், அவ்வளவுதான். மாசியில் தண்ணீர் தோள்மட்டம் இருந்தது. பங்குனியில் வயிறு. சித்திரை பிறந்தபோது முழங்கால். குளம்புக்குக் கீழே போனால் குட்டிகளுக்குக் குடிக்க எதுவும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் குட்டிகளைக் குட்டையில் இறங்க விடவில்லை. கலக்கிவிட்டால் குடிக்க முடியாது.

"சேத்துல எப்பம்மா பொரளலாம்?" என்று கேட்கும், ஏழும் ஒரே குரலில்.

"மழை வந்ததும்."

"மழைன்னா?"

"வந்தா தெரியும். போய் நிழல்ல படுங்க."

முப்பது நாளுக்கு ஒருமுறை அலுவலகத்தில் மனுநாள். சித்திரை மாதத்து மனுநாளுக்கு மூக்காயி மேலே ஏறிப் போனாள். பலகையில் இருபத்தொன்பது என்று எழுதியிருந்தது. அவள் படிக்காதவள். சங்கிலி படித்துச் சொன்னான்.

"அப்ப இன்னும் பதினோரு நாள்தான்," என்றாள்.

சங்கிலி தலையாட்டினான்.

மனு வரிசை மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், மழைமானிக்குப் பக்கத்தில் முடியும். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. தன் முறை வருவதற்காகக் காத்திருக்கும் ஒவ்வொருவரும் மழைமானிக்குள் ஒருதரம் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே காய்ந்த இருட்டுதான் தெரியும். அதைப் பார்த்ததும் அவரவர் வீட்டுக் குட்டை ஞாபகம் வரும். தலையை எடுக்காமல் அப்படியே அழுவார்கள். மான்கள் நாசூக்காக அழுதன. ஒரு காட்டெருமை அழுதது. காட்டெருமைகள் எதையும் கொஞ்சமாகச் செய்வதில்லை. மூக்காயியும் எட்டிப் பார்த்தாள், குட்டிகளை நினைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பதினோராம் நாள் காலையில் மறுபடி ஏறிப் போனாள்.

"அக்கா, பலகையப் பாக்காம உள்ள போயிருங்க," என்றான் சங்கிலி.

"என்ன போட்டிருக்கு?"

"பத்து."

அவள் பொந்துக்குள் தலையை நுழைத்தாள். "சார், நாப்பது இருக்கணுமே."

திருமேனி கண்ணைத் திறக்கவில்லை. "இடையில மழை பேஞ்சிருக்கும்மா."

"எப்ப?"

"மனுநாளன்னிக்கு. ஏழு கீறல். நல்ல மழை."

"அன்னிக்கு நான் இங்கதான் சார் நின்னேன். வெயில்ல என் முதுகு வெந்து போச்சு."

"நீ பாத்தது வானம். நான் சொல்றது பதிவு." ஒரு கண்ணைத் திறந்தார். அதில் கொஞ்சம் பெருமிதம் இருந்தது. "உனக்குத் தெரியாது, நான் ஆறு மாசமா கவனிச்சிட்டு வரேன். கார்த்திகையில ரெண்டே முக்கால் கீறல். தையில நாலு. பங்குனியில ஆறு. இப்ப ஏழு. வெயில் ஏற ஏற மழையும் ஏறுது. இது சம்பந்தமா மேலிடத்துக்கு ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன்."

மூக்காயி மரத்தின் பின்பக்கம் போனாள். கொட்டாங்கச்சியின் உள்விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நக்கிப் பார்த்தாள். உப்பு.

திரும்பி வந்தாள். "சார், இது மழை இல்ல. நாங்க அழுத கண்ணீரு."

"இருக்கலாம்."

"என்ன சார் இருக்கலாம்ங்கறீங்க?"

"மேலேருந்து விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"தண்ணியா விழுந்துச்சா?"

"ஆமா."

"ரெண்டரைக் கீறலுக்கு மேல இருந்துச்சா?"

"இருந்துச்சுன்னு நீங்கதான சொல்றீங்க."

"அப்ப மழை. தண்ணி வானத்திலேருந்துதான் விழணும்னு ஆணையில எந்த இடத்திலயும் போடல. ஒரு துளியக் கையில கொடுத்து, இது அழுத துளியா பேஞ்ச துளியான்னு கேட்டா நான் எப்படிம்மா பிரிப்பேன்?"

"நக்கிப் பாருங்க."

திருமேனி பந்தாகச் சுருண்டுகொண்டார்.

மூக்காயி அந்தப் பந்தை மூக்கால் ஒருதரம் உருட்டிப் பார்த்தாள். மனுநாள் முப்பது நாளுக்கு ஒருமுறை. வறட்சிக்கு நாற்பது நாள் வேண்டும். தண்ணீர் இல்லை என்று அழ வருகிறவர்கள் இருக்கிற வரையில், தண்ணீர் இல்லை என்று ஆகாது. படிக்காத பன்றிக்கே அது விளங்கிவிட்டது.

வெளியே சங்கிலி அவளை ஒதுக்குப்புறமாக அழைத்துக்கொண்டு போனான். "அக்கா, ஆட்சேபணையெல்லாம் மனுநாள்லதான் எடுப்பாரு. அதுவும் தண்ணி கேட்டு எழுதாதீங்க. தண்ணி கேட்ட மனு உள்ள மூணு அடுக்கு கெடக்கு. ஆபீஸ் சாமானுக்குச் சேதம்னு எழுதுங்க. கையோட பாப்பாரு."

அடுத்த மனுநாளில் விடிந்தவுடன் மூக்காயிதான் வரிசையில் முதல் ஆள். குட்டையில் தண்ணீர் குளம்பளவு. பலகையில் இருபத்தொன்பது. மழைமானியில் கண்டதெல்லாம் விழுவதால் அரசுப் பொருளுக்குச் சேதம் உண்டாகிறது, ஆகவே அதற்கு ஒரு மூடி போட்டுத் தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல சங்கிலி எழுதினான்.

திருமேனி மனுவைப் படித்துவிட்டு இரண்டு கண்ணையும் திறந்தார். "பொதுமக்கள்னா இப்படி இருக்கணும்மா. ஆறு வருஷத்துல ஆபீஸைப் பத்திக் கவலைப்பட்ட முதல் ஆள் நீதான்."

வரிசை நகர்வதற்குள் ஆணை தயாராகிவிட்டது. மூடிதான் இல்லை. வரிசையில் ஏழாவதாகப் பொன்னுரங்கம் என்ற ஆமை நின்றிருந்தார். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு மனுநாளும் வந்து ஏதாவது ஒரு வேலை கேட்பவர். அவரை அங்கேயே மூடியாக நியமித்துவிட்டார்கள். நிரந்தரப் பணி. ஒரே நிபந்தனை, பணியிலிருந்து விடுவிக்கும் ஆணை எழுத்தில் வராமல் கீழே இறங்கக் கூடாது.

"இறங்கறதுக்கா இத்தனை வருஷம் அலைஞ்சேன்?" என்றார் பொன்னுரங்கம். அவரைத் தூக்கிக் கொட்டாங்கச்சியின் மேல் வைத்தார்கள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தினார்.

மூடி போட்டால் மழை எப்படி உள்ளே போகும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு அவசரமும் தெரியவில்லை.

அன்றைக்கும் எல்லோரும் அழுதார்கள். கண்ணீர் ஆமையின் முதுகில் விழுந்து வெளிப்பக்கமாக வழிந்து போனது. மறுநாள் காலை பொன்னுரங்கத்தை ஒரு விரல் அகலம் மட்டும் நகர்த்திக் குச்சியை விட்டு எடுத்தார்கள். காய்ந்திருந்தது. பலகையில் முப்பது என்று எழுதினார்கள். அந்த எண்ணை அந்தக் காடு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நாக்கில் ஈரமில்லாமல் எல்லோரும் கொண்டாடினார்கள்.

முப்பத்தாறாம் நாள் பிற்பகலில் மேற்கே கறுத்தது.

அதற்குப் பிறகு பெய்த மழையை வர்ணிக்க ஆசைதான். ஆனால் பதிவேட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு நாளாகியும் விடவில்லை. முதல் நாள் மூக்காயி குட்டையில் இறங்கி நின்றாள், முழங்கால். இரண்டாம் நாள் வயிறு. மூன்றாம் நாள் தோள். நான்காம் நாள் இறங்கவில்லை. குட்டையே அவள் வாசலுக்கு வந்திருந்தது.

"இப்பப் பொரளலாமா?" என்றன குட்டிகள்.

"மழை கொஞ்சம் விடட்டும். நாளைக்கு."

அன்று மாலை சங்கிலி ஓர் இலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வந்தான். "அக்கா, நாளைக்கு நிவாரணம் தர்றாங்க."

"எதுக்கு?"

"வறட்சிக்கு. இன்னிக்கு முப்பத்தொம்போது. பயனாளிங்க எல்லாரும் காலையில எட்டரைக்குப் பள்ளத்துல வரிசையா நிக்கணுமாம். தண்ணி அங்கதான் வரும்."

மூக்காயி குட்டையைத் திரும்பிப் பார்த்தாள். அதில் இனி ஒரு தவளை குதித்தாலும் வழியும். "டேய் சங்கிலி, மேல சுனையிலேருந்து தொறந்து விட்டா எங்க வீடு என்னடா ஆகும்?"

சங்கிலி தலையாட்டினான்.

விடிந்ததும் அவள் மழையோடு மழையாக மேலே ஏறினாள். திருமேனி ஒரு சேம்பிலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு எட்டரை மணிக்காக மழைமானியின் அருகில் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் யானை மாசானம் நின்றிருந்தது. சுனைக் கதவை இழுப்பது அதன் வேலை. உத்தரவு வாங்க வந்திருந்தது.

"சார், மழை பேயுது," என்றாள் மூக்காயி.

"எங்க?"

"உங்க இலை மேல."

"இலையில கீறல் இல்லம்மா." திருமேனி மழைமானியைக் காட்டினார். "உள்ள சொட்டு இல்ல. நேத்து இல்ல, முந்தாநாள் இல்ல. நீ கொடுத்த மனுவுக்கப்புறம் பதிவெல்லாம் சுத்தமா இருக்கு. கட்டுரையிலகூட உன் பேரைக் குறிப்பிட்டிருக்கேன்."

அவள் பொன்னுரங்கத்திடம் போனாள். "அண்ணாச்சி, ஒரு நிமிஷம் இறங்குங்க. என் ஏழு பிள்ளைங்களும் பள்ளத்துல கெடக்கு."

"புரியுது தாயி," என்றார் ஆமை. முகத்தில் மழை வழிந்தது. "ஆனா எழுத்துல வேணும். பன்னெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கின வேலை."

அழுது பார்க்கலாம் என்று தோன்றியது. இரண்டரைக் கீறல் அழுதால் போதும். அவளுக்கு அழுகையும் தாராளமாக வந்தது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய ஓட்டையின் மேல் ஒரு நிரந்தரப் பணியாளர் உட்கார்ந்திருந்தார்.

மூக்காயி இரண்டடி பின்னால் போனாள். தலையைத் தாழ்த்தினாள். ஒரே முட்டு. மூங்கில் மண்ணோடு பெயர்ந்தது. கொட்டாங்கச்சி, குழாய், ஆமை மூன்றும் சரிவில் ஓடிய மழைநீரில் விழுந்தன. பொன்னுரங்கம் கொட்டாங்கச்சியை விடாமல் கட்டிக்கொண்டு, மூடிய நிலையிலேயே மிதந்து போனார்.

"இப்ப எதை வெச்சு அளப்பீங்க?" என்றாள், மூச்சு வாங்க.

திருமேனி பதறவில்லை. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "மழைமானி இல்லாமற்போகும் நாட்களுக்கு, முந்தைய நாளின் அளவையே கொள்க." நேற்றைய அளவு பூச்சியம். இன்றைக்கும் பூச்சியம் என்று எழுதினார். பலகையில் நாற்பது என்று எழுதினார். உத்தரவை யானையிடம் நீட்டினார்.

"அண்ணே," என்று மூக்காயி யானையின் காலடியில் போய் நின்றாள். "உங்க முதுகப் பாருங்க, அருவியா கொட்டுது. இது வறட்சியா?"

மாசானம் உத்தரவைக் காதுக்கு அடியில் நனையாமல் செருகிக்கொண்டது. "எனக்கு மேலெல்லாம் ஈரந்தான் தாயி. உத்தரவு காஞ்சில்ல இருக்கு." சொல்லிவிட்டு மலையேறத் தொடங்கியது.

யானை மெதுவாகத்தான் நடந்தது. அன்றைக்கு மூக்காயிக்குக் கிடைத்த ஒரே நிவாரணம் அதுதான்.

அவள் சரிவில் உருண்டாள் என்றே சொல்ல வேண்டும். குட்டைக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை இருந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடரியில் கவ்விக்கொண்டு போய் அதன் உச்சியில் வைத்தாள். ஐந்தாவதை வைத்தபோது மலைமேல் கல் நகரும் சத்தம் கேட்டது. ஆறாவதோடு பாதி வழியில் இருந்தபோது சுனை வந்துவிட்டது. கோரைப் புதர் போனது, குட்டை எது என்று தெரியவில்லை. ஆறாவதைப் பாறைமேல் எறிந்துவிட்டு, ஏழாவதற்காகத் தண்ணீரில் குதித்தாள். அது ஒரு மரக்கிளையைக் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதையும் இழுத்துக்கொண்டு பாறையில் ஏறி, எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள். தினமும் எண்ணிப் பழகிய எண் அதுதான், தப்பவில்லை.

அப்போது தண்ணீரில் செதில் வைத்த ஒரு பந்து மிதந்து வந்தது. மூக்காயி கொஞ்சம் யோசித்தாள். பிறகு மூக்கால் நெம்பி அதையும் பாறையில் ஏற்றினாள். பந்து பிரிந்தது. உள்ளே திருமேனியும், அவர் வயிற்றோடு சேர்த்து நனையாமல் அணைத்திருந்த பதிவேடும் இருந்தார்கள்.

"நிவாரணம் வந்து சேர்ந்துச்சாம்மா?" என்றார், மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்திவிட்டு.

மூக்காயி சுற்றிலும் பார்த்தாள். "சேர்ந்துச்சு."

"அப்ப இங்க ஒரு கால்ரேகை வை. பெற்றுக்கொண்டேன்னு."

"வைக்கலேன்னா?"

"போய்ச் சேரலேன்னு ஆயிரும். நாளைக்கு மறுபடி தொறப்பாங்க."

மூக்காயி நாலு காலையும் வைத்தாள். அது போதாதென்று ஏழு குட்டிகளையும் வரிசையாக வரவழைத்துப் பதிவேட்டின் மேல் நடக்க விட்டாள்.

அறிக்கை மேலிடத்துக்குப் போனது. வறட்சியின் நீளம் நாற்பது நாள். நிவாரணம் ஒரு சொட்டு வீணாகாமல் பயனாளிகளின் வீட்டுக்குள்ளேயே சென்று சேர்ந்தது. வழங்கிய அன்றே காட்டில் வறட்சியின் அடையாளம்கூடத் தென்படவில்லை. இத்தனை வேகமாகப் பலன் தந்த திட்டம் வேறு இல்லை என்று சிங்கம் ஓரத்தில் குறிப்பு எழுதியதாகச் சொல்கிறார்கள்.

வெள்ளம் வடிந்தபோது பள்ளம் முழுக்கச் சேறு. குட்டிகள் மூன்று நாள் அதை விட்டு வெளியே வரவில்லை. இந்தக் கதையில் கேட்டது கிடைத்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அவர்கள் மனுக் கொடுக்கவில்லை.

அடுத்த கோடையில் குட்டை மறுபடி வயிற்றுக்கு இறங்கியது, பிறகு முழங்காலுக்கு. மூக்காயி மேலே ஏறிப் போய்ப் பலகையைப் பார்த்தாள். சங்கிலி படித்துச் சொன்னான். முந்நூற்று எழுபத்தெட்டு.

"புது மழைமானி வரலக்கா. அதனால தெனமும் முந்தின நாள் அளவுதான். போன வருஷத்து வறட்சியே இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

"அப்ப தொறந்து விடச் சொல்லு."

பொந்துக்குள்ளிருந்து திருமேனியின் குரல் வந்தது. "ஒரு வறட்சிக்கு ஒரு நிவாரணம்தாம்மா. இந்த வறட்சிக்கு நீ வாங்கியாச்சு, பதினாறு ஜோடி கால்ரேகைக்கு மேல இருக்கு. இது முடியாம அடுத்தத எப்படி ஆரம்பிக்கறது?"

"இது எப்ப முடியும்?"

பந்து சுருளும் சத்தம் கேட்டது.

பொன்னுரங்கம் கடற்கரைப் பக்கம் எங்கோ ஒதுங்கியிருப்பதாகத் தகவல். இன்னும் கொட்டாங்கச்சியின் மேல்தான் இருக்கிறாராம். விடுவிப்பு ஆணையைக் கொண்டுபோக ஆள் இல்லை.

நீதி: அழுவதானால் மழைமானிக்குப் பத்தடி தள்ளி நின்று அழ வேண்டும், அழுகைக்குப் பலன் கிடைக்கும் என்று தெரிந்தால் உடனே பத்தடி உயரத்துக்கு ஏறிக்கொள்ள வேண்டும்.